ஏழாம் நம்பருக்கு நான் கொடுத்த புக்கை

1

இந்தப் பங்குனியோடு நான் லண்டனுக்கு வந்து முப்பத்தைந்து வருடம். வந்த புதிதில் ஒரு குடிவரவு அதிகாரிக்கு முன்னால் இருந்து வாக்குமூலம் கொடுத்தேன். முப்பத்தைந்து வருடம் கழித்து, அதே பங்குனியில், இன்னொரு மேசைக்கு முன்னால் இருந்து இரண்டாவது வாக்குமூலம் கொடுத்தேன். முதலாவது, உயிருக்குப் பயந்து ஓடிவந்ததைப் பற்றியது. இரண்டாவது, மாட்டுக்குப் புக்கை, அதாவது பொங்கல், கொடுத்ததைப் பற்றியது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கடைசி வரை வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

மாடென்றால் சும்மா மாடில்லை, பைசன். காட்டெருமை என்று எழுதினால் வன்னிப் பக்கத்துக் கறுத்த எருமைதான் உங்கள் கண்ணுக்கு வரும். இது மண்ணிறம். முன்பக்கம் முழுக்கச் சடை, முதுகில் ஒரு திமில், பின்பக்கம் மட்டும் ஏதோ சாமான் முடிந்துபோன மாதிரிச் சிறுத்துக் கிடக்கும். இந்த நாட்டில் இந்தச் சாதி அழிந்து பல்லாயிரம் வருடமாம். இப்போது ஐரோப்பாவிலிருந்து லொறியில் கொண்டுவந்து, கென்ட் பக்கத்தில் ஒரு காட்டுக்குள் விட்டு வளர்க்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் ஒருத்தி என் மகள் அபிராமி.

அபி ஒரு கணக்காளர். அதாவது, கணக்காளராக இருந்தவள். நகரத்தின் நடுவில் கண்ணாடிக் கட்டடத்தில் நாலு வருடம் வேலை பார்த்தாள். பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அமெரிக்காவின் புல்வெளிகளுக்குப் போனாள். அங்கேயும் பைசன்தான். ஒரு காலத்தில் அந்த வெளி முழுக்க நிறைந்திருந்த மந்தைகளைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்களாம். இரண்டு கோடை அங்கே நின்றாள். திரும்பி வந்து கென்டில் வேலை எடுத்தாள்.

அவள் படிக்கிற காலத்தில், புத்தகத்தை மூடிவிட்டு ரீவிக்கு முன்னால் போய்க் குந்துகிற ஒவ்வொரு தடவையும் நான் சொன்னது ஒன்றுதான்: "படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவாய்." எல்லாத் தமிழ் அப்பன்மாரும் சொல்வதுதான். அவள் நன்றாகப் படித்து, முதல் வகுப்பில் பாஸ் பண்ணி, அதற்குப் பிறகும் போனாள்.

2

எனக்கு அது பிடிக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? இருபது வருடம் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்து, பிறகு ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கிப் படிப்பித்த பிள்ளை, சேற்றுச் சப்பாத்தோடு மாட்டுக்குப் பின்னால் போகிறாள். ஹாரோவில் ஒரு கலியாண வீட்டில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேட்டார், "மகள் இப்ப என்ன செய்யிறா?" நான், "சுற்றாடல் துறையில பெரிய பொறுப்பில இருக்கிறா" என்றேன். அபி எனக்குப் பின்னால் பலகாரத் தட்டோடு நின்றதை நான் காணவில்லை.

அன்று ரெய்னர்ஸ் லேன் வீடு வந்து சேரும் வரைக்கும் காரில் ஒரு பேச்சில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "வெட்கமெண்டா வெட்கமெண்டு சொல்லுங்கோ அப்பா. பொய் சொல்லாதேங்கோ" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தவள் மாதம் ஒருதரம் வந்தாள். பிறகு அதுவுமில்லை. போன் எடுப்பாள், தாயோடு கதைப்பாள். "அப்பா சுகமா?" என்று கேட்பாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "சுகம் எண்டு சொல்லு" என்பேன். இப்படியே ஒன்றரை வருடம் போயிற்று.

தாய் மூலமாகத்தான் காட்டுச் செய்தி எல்லாம் எனக்கு வரும். மந்தையில் பதினொன்று இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் வைப்பதில்லை, நம்பர்தான். ஏழாம் நம்பர்தான் மூத்த பசு. அது போகிற பக்கம்தான் மற்றதெல்லாம் போகும், ஆண் மாடுகள்கூட. இவை மரப்பட்டையை உரித்து, செடியை மிதித்து, மண்ணில் புரண்டு காட்டுக்குள் வெளிச்சம் விழப் பண்ணுமாம். அப்படி வெளிச்சம் விழுந்த இடத்தில் புல்லும் பூவும் பூச்சியும் வருமாம். காட்டுக்கு அப்பால் மரமே இல்லாத ஒரு பெரிய புல்வெளி கிடக்கிறது. வைகாசியில் மந்தையை அந்த வெட்டவெளிக்குத் திறந்துவிடுவதாகத் திட்டம். அதற்கும் எங்கேயோ ஒரு வேலி இருக்கிறதுதான். ஆனால் ஒரு தொங்கலில் நின்றால் மற்றத் தொங்கல் தெரியாது. அபி இரண்டு வருடமாக அந்த ஒரு நாளுக்காகத்தான் பாடுபட்டாள்.

"பட்டி முழுக்க அவளின்ர பொறுப்பு. அதுகளுக்கு ஒரு பொங்கல்கூட இல்லை" என்றாள் என் மனைவி மலர், தைப்பொங்கலன்று பானையைக் கழுவிக்கொண்டு. அவள் சும்மாதான் சொன்னாள். எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது.

3

பொங்கலுக்கு அடுத்த நாள் பட்டிப்பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, புக்கை வாயில் தீத்துகிற நாள். லண்டனில் இத்தனை வருடமும் நாங்கள் அந்த நாளைக் கவனித்ததில்லை. கவனிக்க மாடில்லை. இந்த வருடம் எங்கள் வீட்டுப் பிள்ளையிடம் பதினொரு மாடு இருந்தது.

மலர் சர்க்கரைப் புக்கை பொங்கினாள். ரெய்னர்ஸ் லேனில் தமிழ்க் கடையில் வாழையிலை வாங்கினேன். அபிக்கு அன்று லீவு என்று தெரியும். சத்தமில்லாமல் செய்துவிட்டு, பிறகு சொல்லலாம் என்பது என் எண்ணம். "உன்ர மாடுகளுக்குப் பொங்கி வைச்சிட்டு வந்தனான், பிள்ளை" என்று நானே போனில் சொன்னால் அவளுக்கு விளங்கும், அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் பானையைத் தூக்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணித்தியால ஓட்டம். கார் நிறுத்துமிடத்தில் ஒரு பலகை, விலங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம் என்று. அது பாணும் சிப்ஸும் எறிகிற ஆட்களுக்கு என்று நினைத்தேன். புக்கையை அந்தக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? உள்ளே இரட்டை வேலி, மின்சார வேலி. ஆனால் ஒரு இடத்தில் வேலிகள் இரண்டும் ஒரு இரும்புக் கேற்றில் வந்து சேர்கின்றன. வைக்கோல் ஏற்றிவரும் வண்டி உள்ளே போகிற வழி அது. மலர் இலையை விரித்தாள், நான் புக்கையைக் கொட்டி, ஒரு தடியால் கேற்றுக்குக் கீழே தள்ளினேன்.

கொஞ்ச நேரத்தில் மரங்களுக்குள்ளிருந்து ஒன்று வந்தது. காதில் ஏழு என்று மஞ்சள் தகடு. மோந்து பார்த்தது. பிறகு புக்கையையும் தின்று, இலையையும் தின்று, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. மலர் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. நான் அடுத்த சனிக்கிழமை தனியாகப் போனேன். அதே பானைக்குள் வாழைப்பழமும் சர்க்கரையும். பிறகு வேலையில்லாத இன்னொரு சனியும் போனேன். நாலாவது தடவை நான் காரைப் பூட்டிவிட்டு நடந்து வர, ஏழாம் நம்பர் எனக்கு முதலே கேற்றடியில் நின்றது. சொன்னால் கேவலம்தான், ஆனாலும் சொல்கிறேன்: என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டு ஓடிவர ஒரு சீவன் இருந்தது எனக்கு வேண்டியிருந்தது. அபியிடம் சொல்வதை ஒவ்வொரு கிழமையும் தள்ளிப்போட்டேன்.

4

மாசி முடிகிற நேரம் ஒரு பின்னேரம் அபி தாய்க்குப் போன் எடுத்தாள். சத்தம் வெளியில் கேட்கும்படி மலர் போட்டிருந்தாள்.

"அம்மா, ஏழாம் நம்பருக்கு என்னவோ நடந்திட்டுது. ஒரே கேற்றடியில வந்து நிக்கிறா. ஆக்களைக் கண்டா கிட்ட வாறா. முந்தி அவ அப்பிடியில்லை. ஏனெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

மாட்டை "அவ" என்றுதான் அபி சொல்வாள். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் சொல்வதால் வருகிற மரியாதை. முந்தி நான் அதைத் திருத்துவேன். அன்று திருத்தவில்லை.

"அதுக்கு என்ன பிள்ளை, நல்லதுதானே? பழகிட்டுதாக்கும்" என்றாள் மலர் என்னைப் பார்த்துக்கொண்டு.

"பழகக் கூடாதம்மா! சட்டப்படி இது டேஞ்சரஸ் அனிமல். அறுநூறு கிலோ. வெளியில விட்டாப் பிறகு சாப்பாடு தருவினம் எண்டு ஆரும் சின்னப்பிள்ளைக்குக் கிட்டப் போனா? ஆளைத் தேடிப் போற மாட்டை வெளியில விட ஏலாது. அவவை ஒரு மிருகப் பூங்காவுக்கு அனுப்பப் போறினம். சாகுமட்டும் கூட்டுக்குள்ள இருக்க வேண்டியதுதான். அவ இல்லாட்டி மற்றதுகளும் வெளிக்கிடாது. எல்லாம் முடிஞ்சுது." அதற்கு மேல் அவளால் கதைக்க முடியவில்லை. அழுகிற சத்தம் மட்டும் வந்தது. ஆறு வயதுக்குப் பிறகு அவள் அழுது நான் கேட்டதில்லை.

போனை வைத்த பிறகு மலர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை. "சொல்லுங்கோ" என்றாள். "ஆருக்கும் தெரியாது. ஒருத்தரும் காணேல்லை. இலையையும் அது திண்டிட்டுது" என்றேன். "அதுக்காக?" என்றாள் மலர்.

அதுக்காகத்தான். என் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். முதல் வாக்குமூலத்துக்கு முன்னால் மொழிபெயர்க்க வந்தவர் காதுக்குள் சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ." எந்த வழியால் வந்தாய் என்று கேட்டார்கள். என்னைக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்தபடி, தெரியாது என்றேன். நாலு மாதம் மொஸ்கோவில் ஒரு அறைக்குள் பதினாறு பேரோடு கிடந்தது எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? அன்றிலிருந்து கவுன்சிலோ, வங்கியோ, வேலையிடமோ, மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனையோடு இருந்தால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். அது என்னைக் காப்பாற்றியும் இருக்கிறது. பத்து நாள் மூடிக்கொண்டிருந்தேன். மலர் பத்து நாளும் சமைத்தாள், பரிமாறினாள், ஒரு சொல் கதைக்கவில்லை.

5

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுக் கென்டுக்குப் போனேன். அபி சேற்றுச் சப்பாத்தோடு வேலிக் கட்டையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் பயந்துபோனாள்.

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை. பிள்ளை, ஏழாம் நம்பருக்குச் சாப்பாடு குடுத்தது நான்தான்."

கட்டையைக் கீழே வைத்தாள். "எத்தினை தரம்?"

"நாலு."

"நான் போனில அழேக்க கேட்டுக்கொண்டு நிண்டனீங்களா?"

"ஓம்."

நான் பொங்கலைப் பற்றி, இலையைப் பற்றி, இறங்கி வந்ததைப் பற்றி எல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிற்பாட்டினாள். "எனக்குச் சொல்ல வேண்டாம். நான் உங்களுக்காக ஒண்டும் சொல்லவும் மாட்டன். நீங்களே உள்ள வந்து சொல்லுங்கோ." கந்தோர் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஒரு மேசை, ஒரு கிளாஸ் தண்ணீர், அந்தப் பக்கம் பேனையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் பெயர் ஹெலன், அந்தக் காட்டுக்கு மேலாளர். அவள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அரிசி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எந்த எந்தச் சனிக்கிழமை, பலகையை வாசித்தேன், வாசித்துவிட்டும் செய்தேன், பத்து நாள் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். வீட்டுக் குசினிக்குள் போய் வந்த எந்தச் சாப்பாட்டையும் மாட்டுக்குக் கொடுப்பது இந்த நாட்டில் குற்றம் என்று ஹெலன் சொன்னாள். ஒரு காலத்தில் மாடுகளுக்குப் பெரிய நோய் வந்த பிறகு போட்ட சட்டமாம். மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றாள். படிவத்தைத் தள்ளினாள். கடைசிக் கேள்வி: இங்கு வேலை செய்பவர் எவருக்கேனும் நீங்கள் உறவா? தந்தை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

"நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்கு இது தெரியவே வந்திருக்காது" என்றாள் ஹெலன். பிறகு அபியைப் பார்த்தாள். இரண்டு பேரும் வேகமாக ஏதோ கதைத்தார்கள். ஏன் வருகிறது என்று தெரிந்தால் நிற்பாட்டவும் வழி இருக்கிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

"அப்பா," என்றாள் அபி தமிழில், "அவ உங்களைத்தான் தேடிக்கொண்டு வாறா. நீங்கள்தான் கலைக்க வேணும்."

6

அமெரிக்காவில் அவள் பழகிய முறை அது. சாப்பாடு தந்த அதே ஆள், அதே உடுப்பு, அதே பானை, அதே கேற். மாடு கிட்ட வரும்போது பானையில் கரண்டியால் அடித்து, கத்தி, விரட்ட வேண்டும். மனிதர் என்றால் தொல்லை என்று அதன் மனதில் பதிய வேண்டும். சித்திரை முடிவதற்குள் பதிந்தால் மந்தையோடு வெளியில் விடுவார்கள். பதியாவிட்டால் லொறி வரும்.

அடுத்த சனிக்கிழமை அதே தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். ஏழாம் நம்பர் மரங்களுக்குள்ளிருந்து என்னைக் கண்டது. ஓடியே வந்தது. கேற்றுக் கம்பிக்கு இடையால் அதன் மூச்சு என் கையில் பட்டது, நல்ல சூடு. சடைக்குள் ஒரு காய்ந்த இலை சிக்கியிருந்தது. எடுத்துவிட வேண்டும் போல இருந்தது.

"அப்பா, அடியுங்கோ!" அபி எனக்குப் பின்னால் தள்ளி நின்று கத்தினாள்.

நான் அடிக்கவில்லை. கரண்டியைப் பிடித்த கை மேலே எழும்பவில்லை. பட்டினி கிடக்கிற நாளிலும் வாசலுக்கு வந்த மாட்டை அடித்துக் கலைத்துப் பழக்கமில்லாத சனம் நாங்கள். அதிலும் நானே கூப்பிட்ட மாடு இது.

"அப்பா, பிளீஸ். நீங்கள் அடியாட்டி அவ கூட்டுக்குத்தான் போவா."

அடித்தேன். பானை காடு முழுக்க அதிரக் கத்தியது. "ஏய்! போ! இஞ்சால வராதை! போ!" என்று நானும் கத்தினேன். தமிழில்தான் வந்தது. அது இரண்டு அடி பின்னுக்குப் போய் நின்று என்னைப் பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் ஏதோ பிழையாகச் செய்கிறேன், இப்போது சரிக்கட்டிவிடுவேன் என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றது. திரும்ப அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். அது போன பிறகும் அடித்துக்கொண்டு நின்றேனாம். அபி வந்து கரண்டியைக் கையிலிருந்து வாங்கினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண் துடைக்கக் கைலேஞ்சி தந்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அன்று என்னோடு இருந்து தேத்தண்ணி குடித்தாள். வீட்டில் நெளிந்துபோன பானையை வாங்கி மலர் கழுவி வைத்தாள்.

ஆறு சனிக்கிழமை போனேன். இரண்டாம் கிழமையும் ஏழாம் நம்பர் வந்தாள். மூன்றாம் கிழமை தூரத்தில் நின்று பார்த்தாள். நானும் "அவள்" என்று எழுதத் தொடங்கிவிட்டேன், இருக்கட்டும். ஆறாம் கிழமை நான் பானையைக் காரிலிருந்து எடுக்கவே இல்லை. மரங்களுக்குள் நின்ற ஏழாம் நம்பர் என்னைக் கண்டதும் தலையை உதறினாள். திரும்பினாள். மற்றப் பத்தையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டாள். ஹெலன் கைதட்டினாள். அபி துள்ளிக் குதித்தாள். "சக்ஸஸ், அப்பா!" என்று கட்டிப்பிடித்தாள். எனக்குக் கைதட்ட வரவில்லை.

7

வைகாசியில், வெட்டவெளிக்குத் திறந்துவிட்ட அன்று, எல்லாரும் போனார்கள். கென்ட் சனம் வரம்பு வழியே கதிரை போட்டு இருந்ததாம். நான் மட்டும் போக முடியாது, எனக்காக மலரும் நின்றுவிட்டாள். என்னைக் கண்டால் ஏழாம் நம்பர் திரும்பிக் காட்டுக்குள் ஓடிவிடும். உலகத்திலேயே அந்த மாடு அதிகமாகப் பயப்படுகிற ஆள் நான்.

ரெய்னர்ஸ் லேனில் முன்னறையில் மலரும் நானும் இருக்க, அபி போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். "அப்பா, ஒண்டும் கதைக்காதேங்கோ. உங்கட குரல் கேட்டாலே திரும்பிடுவா" என்று மெல்லச் சொன்னாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வேலி திறந்தது. ஒன்றும் வரவில்லை. கால் மணித்தியாலம் போயிற்று. பிறகு ஏழாம் நம்பர் மர நிழலின் கரையில் வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் புல். அவ்வளவு வெளிச்சத்தை அவள் கண்டிருக்கமாட்டாள். ஒரு காலை வெளியில் வைத்தாள், எடுத்தாள். சனம் நின்ற பக்கம் பார்த்தாள். யாரையாவது தேடுகிறாளோ என்று நினைத்தேன். போ என்று கத்த வேண்டும் போல இருந்தது. வா என்று கத்தவும் வேண்டும் போல இருந்தது. மலர் என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழாம் நம்பர் சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வெளியில் இறங்கி நடந்தாள். மற்றப் பத்தும் பின்னால் வந்தன. கொஞ்சத் தூரம் நடந்து, பிறகு எல்லாம் ஓடின. ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னப் புள்ளிகளாகி, புல்லுக்குள் மறைகிற வரை அபி போனை ஆட்டாமல் பிடித்திருந்தாள்.

பிறகு தன் முகத்துக்குத் திருப்பினாள். கண் சிவந்திருந்தது, சிரித்தாள்.

"இப்ப கதைக்கலாம் அப்பா. அவ போயிட்டா."

வாயிலிருந்து கையை எடுத்தேன்.